வண்டியோட்டியின் பக்கம்: வலிய கிளட்சும் உரிய கிளட்சும்



சென்ற இதழில், நீண்ட பயணத்திற்கு முன் டயர்களைச் சோதித்தறியும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர் ஒருவர் சங்கக் கூட்டத்தில் என்னைக் கண்டு, "டயரைப் பற்றி எழுதினீர்கள், நல்லது. எங்கள் வீட்டில் மூன்று மாதமாக ஒரு கிளட்ச் வழக்கு நடந்துவருகிறது. அதற்கும் ஒரு தீர்ப்பு எழுதக் கூடாதா?" என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்பதுபோல் இருந்தாலும் அவர் முகத்தில் வேடிக்கை இல்லை. மறுநாளே பிம்பிரியில் உள்ள அவர் இல்லத்திற்குச் சென்றேன். அங்குக் கேட்டறிந்தவற்றையும், நான் கூறியவற்றையும் அவர்கள் இசைவுடன் இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் இக்காலத்தில் வண்டியின் எந்திரத்திற்கு வலுக்கூட்டும் ஆசையில் இருப்பதால், இது ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று.

அன்பரின் வண்டியில் உள்ளது 1.3 லிட்டர் டீசல் எந்திரம். ஃபியட் நிறுவனத்தார் வகுத்த இந்த எந்திரம் நம் நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் கார்களில் ஓடியது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் வந்ததோடு புதிய வண்டிகளில் அது மறைந்தது. எனினும் பழைய வண்டிகள் இன்றும் சாலையில் ஏராளம். அன்பரின் வண்டி 75 குதிரைத்திறன் வகையைச் சேர்ந்தது. அதன் உச்ச முறுக்குவிசை 190 நியூட்டன் மீட்டர். தண்டைத் திருப்பும் ஆற்றலையே முறுக்குவிசை என்கிறோம். கிளட்சைப் பொறுத்தவரை குதிரைத்திறனைக் காட்டிலும் நாம் கவனிக்க வேண்டிய எண் இதுவே.

அன்பரின் மகன் பொறியியல் படித்து வேலையில் இருப்பவர். சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் எந்திரத்தை ஆளும் கணினியின் நிரலை மாற்றி எழுதச் செய்தார். முறுக்குவிசை 250 ஆக உயர்ந்தது என்று அவர்கள் தாளில் எழுதிக் கொடுத்தனர். வண்டியும் பாய்ந்து சென்றது. தந்தைக்கு இது தெரியாது. தாய்க்கோ, வண்டி முன்னைவிட விரைவாகக் கிளம்புகிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் புறப்பட்டார்கள். திருநெல்வேலிக்கு ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். வண்டியில் ஐவர், பின்பெட்டி நிறையச் சாமான்கள். சாத்தாராவுக்கு முன்னுள்ள கம்பாட்கி மலைப்பாதையில் ஏறும்பொழுது எந்திரத்தின் சுழற்சி முள் 2,000-இலிருந்து 3,000-க்குத் தாவியது. ஆனால் வேகம் கூடவில்லை, குறைந்தது. தீய்ந்த நாற்றம் எழுந்தது. பின்னால் லாரிகள். மகன் எவ்வாறோ ஓரத்திற்குக் கொண்டுவந்து நிறுத்தினார். இருட்டில், சாலையோரத்தில், பாட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றதாக அந்த அம்மையார் கூறினார். வண்டி இழுவை ஊர்தியில் திரும்பி வந்தது. அவ்வாண்டு ஊரில் பொங்கற்பானை அவர்களின்றியே பொங்கிற்று.

வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. மகன், பந்தயக் கார்களுக்குப் போடும் உலோகப் பீங்கான் கிளட்ச் ஒன்றை வரவழைக்க விரும்பினார். அது 500 நியூட்டன் மீட்டர் வரை தாங்குமாம். தந்தையோ, "எல்லாவற்றையும் பழையபடி மாற்றி, கம்பெனி கொடுத்த கிளட்சையே போடு" என்றார். அந்த அம்மையார் சொன்னது ஒன்றே: "எனக்கு முழங்கால் வலி. தினமும் கடைக்கும் மருத்துவமனைக்கும் ஓட்டுகிறவள் நான். என் காலால் மிதிக்க முடிகிறதைப் போடுங்கள்."

இம்மூவரில் யார் சொல்வது சரி என்பதை அறியக் கிளட்ச் செய்யும் வேலையைச் சிறிது அறிதல் வேண்டும்.

எந்திரத்தின் முனையில் பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் சுழல்கிறது. அதன்மீது கிளட்ச் தகடு ஒன்று படிந்திருக்கிறது. அத்தகடு கியர்பாக்சின் தண்டோடு இணைந்தது. தகட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட் என்னும் அழுத்தத் தகடு. அதற்கு வலுவூட்டுவது கிண்ணம் போன்ற வில். நாம் மிதியை அழுத்தும்பொழுது அவ்வில்லின் பிடியைத் தளர்த்துகிறோம். காலை எடுத்தால் பிடி மீள்கிறது. ஆகவே கிளட்சில் பல்லும் இல்லை, பூட்டும் இல்லை. இரு பரப்புகளின் உராய்வு ஒன்றே எந்திரத்தின் ஆற்றலைச் சக்கரத்திற்குச் சேர்ப்பிக்கிறது.

அந்த உராய்வு எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்பதைக் கணக்கிடுவது எளிது. உராய்வு எண், அழுத்தும் விசை, தகட்டின் சராசரி ஆரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, தகட்டிற்கு இரு முகங்கள் இருப்பதால் இரண்டால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, உராய்வு எண் 0.3, அழுத்தும் விசை 5,000 நியூட்டன், ஆரம் 8 சென்டிமீட்டர் என்று கொண்டால், தாங்குதிறன் 240 நியூட்டன் மீட்டர். 190 கொடுக்கும் எந்திரத்திற்கு இது கால் பங்குக்கு மேல் கூடுதல். இந்தக் கூடுதலை வீணென்று எண்ணலாகாது. வில் நாளடைவில் தளரும், தகடு தேயும், சூடேறினால் உராய்வு குறையும். இவற்றுக்கெல்லாம் ஒதுக்கிவைத்த சேமிப்பு அது. அதே எந்திரம் 250 கொடுக்கத் தொடங்கினால் சேமிப்பு முழுவதும் கரைந்து கடனும் ஏற்பட்டுவிடுகிறது. கம்பாட்கி ஏற்றத்தில் வசூலானது அந்தக் கடன்தான்.

வழுக்கும் கிளட்ச் எவ்வளவு சூடேறும் என்பதையும் பாருங்கள். 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு கடந்துசெல்கையில், எந்திரத்திற்கும் தகட்டிற்கும் நிமிடத்திற்கு 1,000 சுற்று வேறுபாடு இருந்தால், அங்கே எழும் வெப்பம் ஏறத்தாழ 21 கிலோவாட். நம் குளியலறையில் உள்ள 2 கிலோவாட் வெந்நீர்க் கலங்கள் பத்தினை ஓர் உணவுத்தட்டின் அளவுள்ள இடத்தில் வைத்து ஒருசேர மூட்டியது போலாகும். தீய்ந்த நாற்றத்திற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். மகனின் தவறு வலுக்கூட்டியது அன்று. கூட்டிய வலுவை எது தாங்கும் என்று எண்ணிப் பாராததே ஆகும். தந்தையின் யோசனையில் உள்ள குறையும் இதிலேயே தெரியும். நிரலை மாற்றாமல் பழைய கிளட்சை மட்டும் புதிதாகப் போட்டால் அடுத்த பொங்கலுக்குள் இதே கதை திரும்பும். அவர் சொன்னபடி இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் குற்றமில்லை. அது எல்லாவற்றினும் மலிவான வழி. ஆனால் மகன் அதற்கு இசையவில்லை.

நிற்க. புதிய கிளட்ச் வாங்கப் புறப்படுமுன் ஒரு கேள்வி உண்டு. பழையது வழுக்கியது உண்மையில் முறுக்கு மிகுந்ததாலா? எந்திரத்தின் பின்புற எண்ணெய்ச் சீல் கசிந்து தகட்டில் எண்ணெய் படிந்தாலும் கிளட்ச் வழுக்கும். மிதியின் இணைப்பு இறுகியிருந்து, பிடி முழுமையாக மீளாவிட்டாலும் வழுக்கும். மிதிமேல் எப்பொழுதும் காலை வைத்திருப்பவர் கையில் எந்தக் கிளட்சும் நிலைக்காது. இக்காரணங்களைப் பாராமல் விலையுயர்ந்த கிளட்சைப் போடுவது, கூரை ஒழுகும்போது தரையை மாற்றுவதற்கு ஒப்பாகும். அன்பரின் வண்டியைத் திறந்த பட்டறையில் விசாரித்தேன். சீல் உலர்ந்தே இருந்தது, தகடு கருகியிருந்தது, பிளைவீலின் முகத்தில் நீலநிறச் சூட்டுத் தழும்புகள் இருந்தன. ஆகவே முறுக்கே காரணம் என்பது உறுதியாயிற்று.

சந்தேகமுள்ள நேயர்கள் தாமே சோதிக்க ஒரு வழி உண்டு. ஆளில்லாத சமதளச் சாலையில் உயர்ந்த கியரில் நிதானமாக ஓட்டி, பின்னர் ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்துங்கள். முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும். முள் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். உயர்ந்த கியரில் எந்திரத்தை எதிர்க்கும் பாரம் மிகுதியாதலால் நோய் அங்கேதான் முதலில் தெரியும். சோதனையை இரண்டொரு விநாடிகளுக்கு மேல் நீட்டலாகாது.

இனி, கடைகளில் கிடைக்கும் வகைகளைப் பார்ப்போம்.

முதலாவது, கம்பெனி தகட்டை ஒத்த இழைப்பொருள் தகடு. பிசினில் தோய்ந்த இழைகளால் ஆன இதனை 'ஆர்கானிக்' என்பர். மென்மையாகப் பிடிக்கும், நெரிசலில் தள்ளித்தள்ளிச் செல்ல ஏற்றது. மிகுந்த சூட்டை மட்டும் தாங்காது. இதே தகட்டோடு வலிய வில் கொண்ட அழுத்தத் தகட்டைச் சேர்த்துத் தாங்குதிறனை உயர்த்தலாம். முன்சொன்ன கணக்கில் அழுத்தத்தை 30 விழுக்காடு கூட்டினால் 240 என்பது 312 ஆகும். அதற்கு விலை மிதியில் கொடுக்க வேண்டும். மிதியும் ஏறத்தாழ அதே அளவில் கனக்கும். அன்றியும், மிதியை அழுத்தும்தோறும் அவ்விசை எந்திரத்தின் கிராங்க் தண்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்கும் வளையங்களும், ரிலீஸ் பேரிங்கும் அதற்கேற்பத் தேயும்.

இரண்டாவது, கெவ்லார் போன்ற அராமிட் இழைத் தகடு. இது மென்மையானது, நெடுநாள் உழைப்பது. ஆனால் பழகிப் படிய நீண்ட காலம் வேண்டும். ஒருமுறை மிகையாகச் சூடேறி முகம் பளபளத்துவிட்டால் பழைய பிடி திரும்புவது அரிது.

மூன்றாவது, மகன் விரும்பிய உலோகப் பீங்கான் தகடு. இதில் முழு வட்டமாக உராய்வுப்பொருள் இராது. நான்கோ ஆறோ வில்லைகள் மட்டும் இருக்கும். உராய்வு எண்ணும் கூடுதல், சூடு தாங்குவதிலும் சிறந்தது. பந்தயத்திற்கு இது பொருத்தமே. கோயம்புத்தூர்ச் செட்டிபாளையத்தில் உள்ள காரி பந்தயத் தளத்திலோ, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தளத்திலோ ஓடும் காருக்குப் போக்குவரத்து நெரிசல் இல்லை. ஒருமுறை கிளம்பினால் பிறகு கியர் மாற்றும்போதுதான் கிளட்சுக்கு வேலை. நம் வண்டியோ ஹிஞ்சவாடிச் சாலையில் மாலைநேரத்தில் ஒரு மணிக்குள் நூறுமுறை அங்குலம் அங்குலமாக நகர வேண்டியது. அங்கே இத்தகடு 'பிடித்தால் பிடி, விட்டால் விடு' என்னும் சுபாவம் உடையது. வண்டி துள்ளும், அதிரும். ஏற்றத்தில் கிளப்புகையில் நின்றுபோகும். பிளைவீலின் முகத்தையும் அரிக்கும்.

நான்காவது, இரட்டைத் தகடு. உராயும் முகங்கள் நான்கு ஆவதால் அதே அழுத்தத்தில் தாங்குதிறன் இருமடங்காகும், மிதியும் கனக்காது. ஆனால் விலை மிகுதி, ஓசையும் உண்டு. பெருவலுவுள்ள எந்திரங்களுக்கே இச்செலவு தகும்.

எவ்வகைத் தகடாயினும், நடுவில் சிறு வில்கள் பதித்ததா என்று பார்த்து வாங்குக. டீசல் எந்திரத்தின் உதறல்களை அவ்வில்களே விழுங்குகின்றன. அவையில்லாத தகட்டைப் போட்டால் அந்த உதறல் முழுவதும் கியர்பாக்சின் பற்களில் போய் விழும். சில வண்டிகளில் இதே பணிக்காகப் பிளைவீலையே இரண்டு துண்டுகளாக்கி, இடையில் வில்களை வைத்திருப்பார்கள். அதனை அகற்றி இலேசான ஒற்றைப் பிளைவீலைப் போடச் சொல்பவர் உண்டு. எந்திரம் விரைந்து சுழலும் என்பது மெய்யே. நின்றிருக்கையில் கடகடவென்று ஓசை எழுவதும், கியர்பாக்ஸ் சிரமப்படுவதும் அதனினும் மெய்.

இவற்றையெல்லாம் கேட்ட மகன், "அப்படியானால் 500 தாங்கும் கிளட்சால் கெடுதலே என்கிறீர்களா, மாமா? வலிமை மிகுந்திருந்தால் நல்லதுதானே?" என்று கேட்டார்.

"தம்பி, உன் எந்திரம் கொடுப்பது 250. அதற்கு மேல் தாங்கும் திறன் கால் பங்கு இருந்தால் போதும். மீதியை நீ ஒருநாளும் பயன்படுத்தப் போவதில்லை. ஆனால் அதன் கனத்தை உன் தாயார் நாள்தோறும் இடக்காலில் சுமப்பார்கள்" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். அதுதான் இவ்வழக்கின் தீர்ப்பாயிற்று, நான் சொன்னதன்று. "நிரலை மீண்டும் எழுதி முறுக்கை 230-க்கு இறக்கிவிடுகிறேன். தாழ்ந்த சுழற்சியில் சட்டென்று எழும் முறுக்கையும் குறைக்கச் சொல்கிறேன். அப்போது எவ்வளவு வலிய அழுத்தத் தகடு வேண்டும்?" என்று கேட்டார். கணக்கிட்டோம். 20 விழுக்காடு கூடுதல் அழுத்தம் போதும். தாங்குதிறன் 288 ஆகிறது. 230-க்கு மேல் கால் பங்கு சேமிப்பு இருக்கிறது. தகடு, வில் பதித்த இழைப்பொருள் தகடே. இவ்வாறு கிளட்சை எந்திரத்திற்கு ஏற்றதோடு, எந்திரத்தையும் கிளட்சுக்கும் காலுக்கும் ஏற்றதாக்கினார் அந்த இளைஞர். இந்த இரண்டாவது பாதி பெரும்பாலோர்க்குத் தோன்றுவதில்லை.

வாங்குமுன் அத்தகைய அழுத்தத் தகடு பொருத்திய நண்பரின் வண்டி ஒன்றை அம்மையாரை ஒரு மாலை ஓட்டிப் பார்க்கச் செய்தார்கள். "கொஞ்சம் கனம்தான், முடியும்" என்றார். அதன் பிறகே பணம் கட்டப்பட்டது. கிளட்ச் வாங்கும் குடும்பத்தார் எல்லோருக்கும் இம்முறையைப் பரிந்துரைக்கிறேன். தாளில் உள்ள எண்களைப் பட்டறைக்காரர் படிப்பார். மிதியின் கனத்தை அதை மிதிப்பவரே அறிவார்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. பிளைவீலின் முகத்தைக் கடைந்து சமப்படுத்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்; தழும்புள்ள முகத்தில் புதிய தகடு படியாது. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும், ஐயத்திற்கிடமான எண்ணெய்ச் சீலையும் மாற்றிவிடுக. பின்னர் தனியே மாற்றுவதென்றால் கூலி இரட்டிப்பாகும். பழைய வண்டிகளின் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றால் ஊதலாகாது.

சட்டத்தையும் ஒருவாறு நினைவூட்ட வேண்டும். தேய்ந்த கிளட்சை மாற்றுவது பராமரிப்பே. ஆனால் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. எந்திரத்தில் கை வைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுத் தெளிவது நன்று. விபத்து நேர்ந்தபின் காப்பீட்டார் கேட்கும் கேள்விக்கு வீட்டில் ஒருவர் மட்டும் விடை அறிந்திருத்தல் நன்றன்று. அன்பரின் வீட்டில் இப்பொழுது எல்லோரும் அறிவர்.

கடைசியாக ஒன்று. புதிய தகடும் பிளைவீலும் ஒன்றோடொன்று படியச் சுமார் 800 கிலோமீட்டர் மென்மையாக ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே மூச்சில் ஓட்டி அக்கணக்கைத் தீர்ப்பதில் பயனில்லை. நின்று நின்று, கியர் மாற்றி மாற்றி, ஊருக்குள் ஓட்ட வேண்டும். எந்திரத்தை முழுவலுவில் விரட்டக் கூடாது.

சென்ற வாரம் காய்கறிச் சந்தையின் வாயிலில் அந்த வண்டியைக் கண்டேன். அம்மையார் பையுடன் இறங்கினார். ஓட்டியிருந்தவர் மகன். "எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று?" என்று கேட்டேன். "முந்நூற்றிருபது, மாமா. இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் அம்மாவுக்குக் கடைத்தெரு வேலை இருக்க வேண்டுமே!" என்றார். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படுவதாக உத்தேசம். திரும்பி வருகையில் தொப்பூர்க் கணவாயில் ஏற வேண்டியிருக்கும். சுமையோடு ஏறும் அந்த ஏற்றத்தில் முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறும் என்று நம்புகிறேன்.

அடுத்த இதழில், மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கைக் காக்கும் முறையைப் பற்றி எழுதுவேன்.